விரல் நுனியின் நிறம்

பழுதாகி வரும் எந்த மோட்டாரைப் பற்றியும் அதன் சொந்தக்காரர் சொல்வதை, கம்பி சுற்றிப் பழுதுபார்த்துத் தரும் மோட்டார்காரர் நம்பியதில்லை. நேற்றுவரை நன்றாக ஓடியது என்பார்கள். இலேசாக ஒரு சத்தம், வேறொன்றுமில்லை என்பார்கள். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். வந்தவர் படியிறங்கிப் போனதும் மோட்டாரின் மூடியைக் கழற்றி உள்ளே முகர்ந்து பார்ப்பார். பிறகு சுவரோரம் தொங்கும் சோதனை விளக்கின் இரண்டு கம்பிகளையும் எடுத்து, சுருளின் இரு முனைகளிலும் வைப்பார். விளக்கு எரிந்தால் உள்ளே செம்புக்கம்பி முழுதாக இருக்கிறது. எரியாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. "அவன் சொல்றத அவனே வச்சுக்கட்டும், நான் பல்பக் கேட்டுக்கறேன்" என்பார்.

இந்தச் சந்தேகத்தைக் கடையின் பின்சுவரைத் தாண்டி வீட்டுக்குள் அவர் கொண்டுபோனதில்லை. அங்கே மனைவி "ஒண்ணுமில்ல" என்றால் ஒன்றுமில்லைதான். தலைவலியா என்று கேட்பார், ஒண்ணுமில்ல என்பாள், அவர் வேலைக்குத் திரும்பிவிடுவார். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய நாளில் அடுப்படியில் முகம் திருப்பி நின்றவளிடமும் அப்படித்தான் கேட்டார். அதே பதில் வந்தது, அவரும் அதே நிம்மதியோடு திரும்பினார். தான் நல்ல கணவன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்ததற்கு, தவறாமல் கேட்டுவிடுகிறோம் என்பதே முக்கியமான ஆதாரம்.

வீட்டின் முன்னறைதான் கடை. பின்னால் ஒரு படி இறங்கினால் சமையலறை, அதையொட்டிப் படுக்கையறை. மாடியில் அவருடைய அக்கா இருந்தாள். பள்ளிக்கூடமொன்றில் சமையல் வேலை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துப் பழகிய தொண்டை அவளுக்கு. மாடியில் அவள் இரகசியம் பேசினாலும் கீழே கேட்கும்.

மழைக்காலம் பிறந்தால் கடையில் நிற்க இடமிருக்காது. தெருவில் தாழ்ந்த வீடுகளிலெல்லாம் தண்ணீர் புகும். அதை இறைக்கப்போன பம்புசெட்டுகள் தாமே நனைந்து, எரிந்து, கைவண்டியில் இங்கே வந்துசேரும். அந்த வருடமும் வாசலில் தொடங்கி மேசைக்காலடி வரை அவை வரிசைகட்டிக் கிடந்தன. கருகிய செம்பும் வார்னிஷும் ஈரத்துணியும் கலந்த வாடை வீடெங்கும் நிரம்பியிருந்தது. சோற்றிலும் அந்த வாடைதான் என்று அக்கா குறைப்படுவாள். குறைப்பட்டுக்கொண்டே இரண்டாம் முறை போட்டுக்கொள்வாள்.

மனைவிக்கு அடுத்த தெருச் சலவைக்கடையில் இஸ்திரி வேலை. காலையில் போனால் நின்ற கால் நின்றபடி மாலைவரை மேசையடியில் நிற்க வேண்டும். அன்று குடையை வாசலில் உதறி வைத்துவிட்டு வந்தவள், வழக்கம்போல் அவருக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்தாள். அவர் புதிதாகச் சுற்றிய சுருளுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். சுருளைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை இருந்தால் கட்டு நன்றாக விழும். பகலெல்லாம் கண்டதையும் சாய்த்துவைத்துச் சமாளிப்பார். மாலையில் அந்தக் கை அவளுடையது.

"இன்னிக்கும் வந்தாருங்க" என்றாள்.

"யாரு?"

"அதான், வெள்ளச் சட்டக்காரரு. சொன்னேன்ல, வாரா வாரம் ஒரே சட்டைய இஸ்திரிக்குக் கொண்டாருவாருன்னு. இன்னிக்குப் பிரிச்சுப் பாக்கறேன், போன வாரம் நான் போட்ட மடிப்பு அப்படியே இருக்கு. போடவே இல்ல மனுசன். கசங்கவே இல்ல. எதுக்குங்க இஸ்திரி?"

"ம்."

"நானும் விடல. சார், இந்தச் சட்டைக்கு என்னதான் கதைன்னு கேட்டேன். அதுக்கு அவரு…"

"அந்த முனைய விட்டுடாத. இறுக்கிப் பிடி. கத்தரி எங்க வச்சேன்?"

"உள்ள இருக்கும்."

"எடுத்தா. சீக்கிரம், நாடா தளருது."

அவள் எழுந்து உள்ளே போனாள். தினமும் இறங்கும் படிதான். வலது பாதத்தின் விளிம்பு படியோரத்தில் பட்டு மடங்கியது. அவள் அதைத் திருத்திக்கொள்ளாமலேயே அடுத்த அடிக்கு உடம்பைக் கொடுத்துவிட்டாள். சமையலறையில் பாத்திரங்கள் சரிந்த ஓசை கேட்டது. அவர் நாடாமுனையைப் பல்லில் கடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. கால் பிசகிடுச்சு."

அவர் கைகொடுத்துத் தூக்குவதற்குள் மாடிப்படி அதிர்ந்தது. அக்கா வந்துவிட்டாள்.

"என்னடா இடி விழுந்த மாதிரி? இவளா? ஏம்மா, சொந்த வீட்டுப் படியில விழறியே, அடுத்தவன் வீட்டுக்குப் போனா என்ன பண்ணுவ?"

"ஈரம் அண்ணி, வழுக்கிடுச்சு."

"ஈரமாம்! அன்னிக்கு ஒத்தச் செருப்போட பஸ்ஸ விட்டு எறங்கி வந்து நின்னாளே, அன்னிக்கும் ஈரமா? இன்னொரு செருப்பு எங்கடின்னா, காலப் பாத்து அவளே முழிக்கிறா!"

மூவரும் சிரித்தார்கள். அந்த ஒற்றைச் செருப்புக் கதை குடும்பத்தில் வெகுநாளாகப் புழங்கி வந்தது. கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு கால் வெறுங்காலாக நடந்து வந்தவள் என்று உறவில் எல்லாரிடமும் அக்கா சொல்லியிருந்தாள். மகளின் மாமியார் வீட்டிலும் அது தெரியும்.

கணுக்காலின் வெளிப்புறம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. அக்கா மாடிக் குளிர்பெட்டியிலிருந்து ஐஸ் கொண்டுவந்து துண்டில் சுற்றி வைத்தாள். "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போடா" என்றாள்.

"இந்தத் தண்ணியில எந்த வண்டி வரும்? இந்நேரம் ஆஸ்பத்திரில யாரும் இருக்கவும் மாட்டாங்க. காலைல பாப்போம்."

"எதுக்கு டாக்டரு? கட்டு ஒண்ணு போட்டாப் போதும்" என்றாள் மனைவி. "நாளைக்கு ஓட்டல் துணி மொத்தமா வருது. நான் நிக்கணும். நான் போகலன்னா மொதலாளி அந்த எடத்துல வேற ஆள நிறுத்திடுவாரு."

அக்கா முணுமுணுத்துக்கொண்டே முழங்கால் தண்ணீரில் இறங்கி மருந்துக்கடைக்குப் போய், இழுத்தால் நீளும் சுருள் துணிக்கட்டு ஒன்று வாங்கிவந்தாள். மோட்டார்காரர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். மனைவியின் காலைத் தம் தொடைமேல் எடுத்து வைத்துக்கொண்டார். அவருக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சிகூட உண்டானது. சுற்றிக் கட்டுவது அவர் தொழில்.

சுருளுக்கு நாடா கட்டுவதில் அவர் கைக்கு நிகராக அந்த வட்டாரத்தில் வேறு கை இல்லை. ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றின் பாதியை மூட வேண்டும். இடைவெளி தெரியக் கூடாது. மடிப்பு விழக் கூடாது. யாவற்றுக்கும் மேலாக இழுவை தளரக் கூடாது. தளர்ந்த சுருள் ஓடும்போது அதிரும், அதிர்ந்தால் உராயும், உராய்ந்தால் எரியும். ஆகவே பல்லைக் கடித்து இழுப்பார். கம்பிமுனை வெளியே வருகிற மேற்புறத்தில் தொடங்கிக் கீழே இறங்கி முடிச்சில் பூட்டுவார்.

அன்றும் அவ்வாறே செய்தார். கெண்டைக்காலின் கீழிருந்து தொடங்கினார். இழுத்தார், துணி நீண்டது. இன்னும் இழுத்தார். கணுக்காலைச் சுற்றி, குதிகாலை மூடி, பாதத்தில் இறங்கி, விரலடியில் வந்து முடிச்சிட்டார். பாதிக்குப் பாதி, மயிரிழை பிசகில்லை.

"வலிக்குதா?"

"இல்ல."

"இறுக்கமா இருக்கா?"

"இல்லங்க."

"பாத்தியாக்கா, எப்படி ஒக்காந்திருக்கு கட்டு!"

"இன்னும் வார்னிஷ் மட்டுந்தான் பாக்கி. அதையும் பூசிக் காயவச்சிடு" என்றாள் அக்கா.

மனைவியும் சிரித்தாள். பாதம் சில்லென்று இருப்பதாக அக்கா தொட்டுச் சொன்னதால், ஐஸ் வைத்த குளிர்ச்சி என்று எண்ணி, கட்டின்மேல் கம்பளிக் காலுறையை மாட்டிவிட்டார்கள். ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டார்கள். சட்டைக்காரர் கதையை அவள் தொடரவில்லை, அவரும் கேட்கவில்லை. நாடா தளர்ந்துவிட்ட சுருளைத் திரும்பப் பிரித்துக் கட்டிவிட்டுத்தான் படுத்தார்.

மறுநாள் விடிந்தபோது மழை நின்றிருந்தது. மனைவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து முடியை வாரி முடிந்துகொண்டிருந்தாள். தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு, தம் கட்டு இரவில் நலுங்கியதா என்று பார்க்கும் ஆசையில் காலுறையை உருவினார்.

விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன.

கட்டிலடியில் மண்டியிட்டுத் தொட்டார். ஈரத் தரையைத் தொட்டதுபோல் இருந்தது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். வீங்கிய சதைக்குள் அது புதைந்துகிடந்தது. முந்திய நாள் தேடிய அதே கத்தரியைக் கொண்டுவந்து, தோலில் படாமல் துணியைச் சுற்றுச்சுற்றாக வெட்டினார். துணியின் நெசவு முழுவதும் அவள் தோலில் அச்சாகப் பதிந்திருந்தது. பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டார். வெளுத்த இடம் வெளுத்தபடியே நின்றது.

"வலிக்கலையா உனக்கு?"

"இல்லியே. ஏன்?"

"ராத்திரியெல்லாம் ஒண்ணுமே தெரியலையா? குத்தல், குடைச்சல், எறும்பு ஊர்ற மாதிரி…"

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல. டீ ஆறுது, விடுங்க."

அந்த ஒன்றுமில்லையை அவர் முதன்முறையாக ஏற்றுக்கொள்ளவில்லை. கடைக்குப் போனார். கம்பிச்சுருள்களில் மிக மெல்லியதிலிருந்து ஒரு முழம் நறுக்கி எடுத்துக்கொண்டு திரும்பினார். முடியைவிடச் சற்றே தடித்த கம்பி. தோலில் அழுத்தினால் வளையும், குத்தாது.

"கண்ண மூடு."

"என்ன வெளையாட்டு இது?"

"மூடேன். நான் தொடற எடத்தச் சொல்லு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் பெருவிரலின் அடியில் கம்பியை ஊன்றினார். கம்பி வளைந்தது. அவள் பேசாமலிருந்தாள். சுண்டுவிரலில் ஊன்றினார். பாதத்தின் நடுவில் ஊன்றினார்.

"ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டாள் அவள்.

தம் கட்டுதான் காலைக் கொன்றுவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் பழுதைக் கண்டுவிட்டோம் என்று தோன்றும்போது நிதானிக்கக் கை பழகியிருந்தது. சந்தேகப்பட்ட சுருளை நல்ல சுருளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அவர் எதையும் முடிவுகட்டுவதில்லை. அடிபடாத இடது காலைப் போர்வையிலிருந்து வெளியே எடுத்தார். நிறம் நன்றாக இருந்தது, சூடாகவும் இருந்தது. பெருவிரலடியில் கம்பியை ஊன்றினார்.

அவள் கண்ணை மூடியபடியே காத்திருந்தாள். பாதம் முழுவதும் ஒவ்வோர் இடமாக ஊன்றிக்கொண்டே வந்தார். கணுக்காலைத் தாண்டி ஒரு சாண் ஏறியபோதுதான் அவள், "அங்க" என்றாள்.

சோதனை விளக்கு எரியாதபோது கடையில் விழுகிற அந்தச் சிறு மௌனத்தை அவர் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். அது வீட்டுக்குள் வந்தபோது என்ன செய்வதென்று தெரியவில்லை.

"எப்பலேர்ந்து?" என்றார்.

அவள் கண்ணைத் திறந்தாள். அவர் கையிலிருந்த கம்பியையும் இடது காலையும் பார்த்தாள். தேநீரை ஓரமாக வைத்தாள்.

"செருப்பு விழுந்ததுக்கு முன்னாடியே."

மாடிப்படியில் காலடி கேட்டது. "என்னடா, மகாராணி எழுந்தாச்சா? இன்னிக்கு ரெண்டு செருப்பும்…" என்று தொடங்கியபடியே அக்கா அறைக்குள் வந்தாள். வெட்டிக்கிடந்த துணியையும் கருத்த விரல்களையும் தம்பியின் முகத்தையும் பார்த்தாள். அந்தக் கதையை அவள் முடிக்கவில்லை. அன்றைக்குப் பிறகு அதை யாரிடமும் சிரிப்புக்காகச் சொல்லவுமில்லை.

கட்டு நீங்கியதும் விரல்களில் நிறம் மெல்ல மெல்லத் திரும்பத் தொடங்கியது. முதலில் பெருவிரல், கடைசியாகச் சுண்டுவிரல். தெருத்தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. பம்புசெட்டு கொண்டுவந்து இறக்கிய கைவண்டிக்காரரையே நிறுத்தி, பழைய மெத்தையொன்றை விரித்து அவளை உட்காரவைத்து, ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"என்னய்யா, மோட்டாருக்குப் பதிலா வீட்டம்மாவ ஏத்தறீங்க?" என்றார் வண்டிக்காரர். பிறகு முகங்களைப் பார்த்துவிட்டு, "பள்ளம் பாத்து ஓட்டறேன், கவலைப்படாதீங்க" என்றார்.

படமெடுத்துப் பார்த்ததில் எலும்பு முறிவில்லை, தசைநார்தான் பிசகியிருந்தது. மருத்துவர் பாதத்தின் மேற்புறத்தில் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தார். இரத்தம் ஓடுகிறது என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து எழுதுகோல்போன்ற ஒன்றை எடுத்து அதன் நுனியிலிருந்த நைலான் இழையைப் பாதத்தில் ஊன்றினார். இழை வளைந்தது. "தெரியுதாம்மா?" என்று கேட்டார். மோட்டார்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சர்க்கரை நோய் அவளுக்கு இருப்பதும், மாத்திரை சாப்பிடுவதும் வீட்டில் தெரிந்ததுதான். அது கால் நரம்புகளை இவ்வளவு தூரம் தின்றுவிட்டது என்பதைத்தான் அவள் சொல்லவில்லை. படியோரம் அவளுக்குத் தெரியாமல் போனதற்கு ஈரம் காரணமில்லை.

கட்டுப் போடும் அறையில் நர்ஸ் தடித்த கண்ணாடி அணிந்திருந்தார். நெசவு பதிந்த தோலைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"யாரு கட்டினது?"

"நான்தான்."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"மோட்டார் ரீவைண்டிங்."

"பாதிக்குப் பாதி நல்லாத்தான் ஏத்தியிருக்கீங்க. ஆனா இது இழுத்தா நிக்கற நாடா இல்லைங்க. நீங்க கைய எடுத்தப்புறமும் இழுத்துக்கிட்டே இருக்கும். அதுவும் மேலேர்ந்து கீழ கட்டி ரத்தத்த வெரலுக்குத் தள்ளி, அங்க முடிச்சுப் போட்டுப் பூட்டிட்டீங்க. மேல காலுறை வேற."

அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"இங்க வந்து நில்லுங்க. நாளைக்கு நீங்கதானே கட்டப்போறீங்க." நர்ஸ் பாதத்தைப் பிடித்து, நின்றால் எப்படியிருக்குமோ அப்படிக் கெண்டைக்காலுக்குச் செங்கோணமாக நிறுத்தினார். "மொதல்ல இது. தொங்கவிட்டுக் கட்டினா கோணலாப் பிடிச்சுக்கும். வெரலடியில ஆரம்பிச்சு மேல ஏறணும். ரெண்டு சுத்து. அப்புறம் பாதத்து மேல குறுக்க ஏத்தி, கணுக்காலச் சுத்தி, மறுபடி குறுக்க எறக்கி, உள்ளங்காலுக்கு அடியில விடுங்க. எட்டு போடற மாதிரி. குதிகால் வெளிய தெரியட்டும். அப்படியே ஏறி, கணுக்காலுக்கு மேல நாலு வெரக்கடையில முடிச்சிடுங்க. முடிச்சு வேணாம், ஒட்டுத்துணி போதும்."

"எவ்வளவு இழுக்கணும்?"

"இழுக்கவே வேணாம். உருட்டிட்டே போங்க, துணி தானாப் படுத்துக்கும். முடிச்சப்புறம் உள்ள ஒரு வெரல விட்டுப் பாருங்க. போகணும்."

"தளர்ந்துடாதா?"

"தளர்ந்தா திரும்பக் கட்டிக்கலாம். கருத்த வெரல திரும்பக் கட்ட முடியாது." நர்ஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "பாருங்க, உணர்ச்சியுள்ள காலுன்னா இறுக்கினதும் அதுவே கத்தும். ராத்திரியே நீங்க அவுத்திருப்பீங்க. இந்தக் கால் கத்தாது. அதனால வெரல எப்பவும் வெளிய விடுங்க. கொஞ்ச நேரத்துக்கு ஒருக்க நகத்த அழுத்தி விடுங்க, உடனே செவக்கணும். லேசாக் கருத்தாலும் சில்லுன்னு இருந்தாலும் அவுத்துடுங்க. படுக்கறப்ப கட்டே வேணாம், கழட்டிட்டு தலகாணி மேல தூக்கி வச்சுடுங்க. அப்புறம் இன்னொண்ணு. இறுக்கமா இருக்கான்னு அவங்களக் கேக்காதீங்க. அவங்களுக்குத் தெரியாது."

கட்டிலில் உட்கார்ந்திருந்த மனைவி, தன்னைப் பற்றி நடக்கும் இந்தப் பேச்சை யாரோ ஒருத்தியைப் பற்றியது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாத்திரை வாங்க வரிசையில் நிற்பதாகச் சொல்லி அக்கா போய்விட்டாள். வராந்தா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கூரை நுனியில் இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இனிமே நீ வேலைக்குப் போக வேணாம்" என்றார் அவர்.

"இதுக்குத்தான் சொல்லல."

"எதுக்கு?"

"இப்ப சொன்னீங்களே, அதுக்கு." குரலை அவள் உயர்த்தவில்லை. "எங்கம்மாவுக்கு வெரல எடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? அதுவரைக்கும் எங்க வீட்ல எது நடந்தாலும் அம்மாவத்தான் கேப்பாங்க. கல்யாணமா, காரியமா, பக்கத்து வீட்டுச் சண்டையா, எல்லாம் அவகிட்டதான் வரும். வெரல எடுத்தாங்க. அப்புறம் வர்றவங்க போறவங்க எல்லாம் கால் எப்படியிருக்குன்னு மட்டும் கேட்டாங்க. அதையும் அவகிட்ட கேக்கல, அப்பாகிட்ட கேட்டாங்க. அவ அங்கயேதான் ஒக்காந்திருந்தா. பத்து வருசம், அவ வெறும் கால்தான்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள் சாயங்காலம் ஸாக்ஸக் கழட்டறேன், உள்ள சட்டப் பித்தான் ஒண்ணு. காலைலேர்ந்து அதும் மேலயே நின்னிருக்கேன். ரத்தம் வந்து காஞ்சு ஒட்டியிருந்துச்சு. கழுவிட்டுச் சோறு வடிச்சேன். நீங்க கேட்டீங்க, ஏன் ஒரு மாதிரி இருக்கேன்னு."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்லியிருப்பேன்?"

அவர் கேட்டது அவருக்கு நினைவில்லை. கேட்டிருப்பார், பதிலையும் வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பார். ஒரு மனிதன் இத்தனை வருடங்களாக எந்த மோட்டாருக்கும் காட்டாத அலட்சியத்தைத் தன் மனைவிக்குக் காட்டிவந்திருக்கிறான் என்பது, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எதையாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வாய்வரை வந்ததெல்லாம் காலைப் பற்றியதாகவே இருந்ததால் சொல்லவில்லை.

வீக்கம் வடியும்வரை நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதன் பிறகும் நின்றபடி வேலை வேண்டாம். மூடிய காலணி போட வேண்டும். தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். அடுத்த நாள் மோட்டார்காரர் கடையைப் பூட்டிவிட்டு எங்கோ போனார். திரும்பி வந்தபோது, அவர் காலமெல்லாம் உட்கார்ந்து சுற்றிய உயரமான இரும்பு முக்காலி கடையில் இல்லை. அக்கா அதைக் கவனித்துவிட்டுக் கீழே இறங்கி வந்தாள்.

"முக்காலி எங்கடா?"

"சலவைக்கடையில."

"அங்க எதுக்கு?"

"மேசைக்குச் சரியான ஒயரம். அளந்து பாத்துட்டேன். வீக்கம் வத்தினதும் ஒக்காந்து போடட்டும்."

"ஒக்காந்துகிட்டு இஸ்திரியா? மொதலாளி என்ன சொன்னான்?"

"சிரிச்சாரு. அவரு கிரைண்டர் மோட்டாரு நம்ம கடையிலதான் கெடக்குன்னு சொன்னேன். சிரிப்ப நிறுத்திட்டாரு."

அக்கா சிரிக்கத் தொடங்கி, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவி, அவ ஒத்தச் செருப்போட வந்து நின்னப்ப ஊரக் கூட்டிச் சிரிச்சேனேடா" என்றாள். அவ்வளவு தாழ்ந்த குரலில் அவள் பேசி அந்த வீடு கேட்டதில்லை.

மனைவி அன்று மாலை கட்டிலில் சாய்ந்திருந்தாள். மோட்டார்காரர் கை கழுவிக்கொண்டு வந்து, காலைத் தொடைமேல் வைத்து, பாதத்தை நேராக நிறுத்தினார். விரலடியில் தொடங்கினார். கை தன் பழக்கத்தில் இழுக்கப் பார்த்தது, நிறுத்திக்கொண்டார். துணியை உருட்டினார். குறுக்கே ஏற்றி, கணுக்காலைச் சுற்றி, குறுக்கே இறக்கினார். குதிகால் வெளியே தெரிந்தது. பாதி பாதியாக ஏறிய சுற்றுகள் இம்முறை அவ்வளவு அழகாக விழவில்லை. ஓரிடத்தில் மடிப்புக்கூட இருந்தது. ஒட்டுத்துணியை ஒட்டிவிட்டு, உள்ளே ஒரு விரலை நுழைத்துப் பார்த்தார். போயிற்று.

"இறுக்க…" என்று தொடங்கிய வாயை மூடிக்கொண்டார்.

அவள் அதைக் கவனித்தாள். உதட்டோரம் மட்டும் சிரித்தாள்.

பெருவிரல் நகத்தின்மேல் தம் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். கையில் வார்னிஷ் கறை இருந்தது. அவர் அழுத்துவது அவளுக்குத் தெரியாது. விரலை எடுத்தார். நகம் வெளுத்திருந்தது, அடுத்த மூச்சுக்குள் ஓரத்திலிருந்து சிவப்பு பரவி நிறைந்தது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த வெள்ளச் சட்டக்காரரு கதை என்னாச்சு? என்னமோ கேட்டேன்னு சொன்னியே."

அவர் உண்மையாகவே கேட்கிறாரா என்று சற்று நேரம் பார்த்தாள். அவர் சுண்டுவிரலுக்குப் போயிருந்தார். ஆனாலும் தலை அவள் பக்கம் சாய்ந்திருந்தது.

"சட்டைக்கு என்ன கதைன்னு கேட்டேனா? கதையெல்லாம் ஒண்ணுமில்லம்மான்னாரு. நான் விடல. அப்புறமேதான் சொன்னாரு. வீட்ல மகன், மருமக, பேரப்பிள்ளைங்க எல்லாரும் இருக்காங்களாம். நல்லாத்தான் வச்சிருக்காங்களாம். சோறு வந்துடுதாம், மாத்திரை வந்துடுதாம், துணி தொவச்சு வந்துடுதாம். எதையும் கேக்க வேண்டியதில்லையாம்."

"அப்புறம் எதுக்கு வர்றாராம்?"

"நான் ஒவ்வொரு வாட்டியும் அவரக் கேப்பேன்ல, சார், கஞ்சி போடவா வேணாமான்னு." அவள் தன் காலைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "அதுக்குத்தான் வர்றாராம்."

அவர் கடைசி விரலையும் அழுத்தி விட்டுவிட்டு, நிறம் வரட்டும் என்று காத்திருந்தார். வந்தது.

"அவரு என்ன சொல்லுவாரு?" என்று கேட்டார். "போடச் சொல்லுவாரா, வேணாம்பாரா?"

"ஒவ்வொரு வாரமும் ஒண்ணு சொல்லுவாரு" என்று அவள் சொல்லத் தொடங்கினாள். முன்கடையில் யாரோ மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்று குரல்கொடுத்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.